புகை காணாத நெருப்பு

நோய்களுக்குப் பெயரிட்ட முன்னோர் தாம் கண்ணால் கண்டதையும் கையால் தொட்டு உணர்ந்ததையும் கொண்டே பெயரிட்டார்கள் என்பதற்கு ‘அழற்சி’ என்னும் சொல்லைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அழல் என்றால் நெருப்பு. சரீரத்தின் ஓரிடம் சிவந்து, வீங்கி, சுட்டு, நோவெடுத்தால் அங்கே நெருப்புப் பற்றியிருக்கிறது என்று தமிழன் எண்ணினான். வடமொழி வழியாக வந்த ‘தாபிதம்’ என்ற சொல்லும் அந்தத் தாபத்தையே குறிக்கிறது. லத்தீன் மொழியாரும் தீ மூட்டுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்தே தங்கள் சொல்லை எடுத்தார்கள், கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானிய ஆசிரியர் செம்மை, வீக்கம், வெப்பம், நோவு என்ற நான்கையும் அதற்கு இலக்கணமாக எழுதி வைத்தார். தூர தேசத்து மொழிகள் இப்படி ஒரே உருவகத்தில் வந்து கூடியதில் வியப்பில்லை. விரலில் முள் தைத்துப் பழுத்த இடத்தை நெருப்பென்று சொல்வதற்கு எந்தச் சாஸ்திரமும் வேண்டாம்.

ஆனால் கபாலத்தின் எலும்புக் கோட்டைக்குள் பற்றும் நெருப்புக்கு இந்த நான்கு அடையாளங்களுள் ஒன்றும் வெளியே தெரிவதில்லை. சிவப்பைக் காண வழியில்லை. வீக்கத்தைத் தடவிப் பார்க்க இயலாது. நெற்றியில் கை வைத்தால் சூடும் இராது. உடம்பெங்கும் உண்டாகும் நோவை உணர்கின்ற மூளைக்கோ, தன் சதையில் உண்டாகும் நோவை உணர்வதற்கு ஒரு நரம்பும் இல்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று மேல்நாட்டு வைத்தியர் அழைப்பதும், தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் சிலர் எழுதுவதுமான வியாதி இத்தகைய நெருப்பாகும். நம்மைக் காப்பதற்கென்றே இரத்தத்தில் உலவுகின்ற வெள்ளணுக்கள், தன்னது எது பிறிது எது என்ற விவேகத்தை இழந்து, மூளைக்குள்ளும் முதுகுத்தண்டுக்குள்ளும் புகுந்து, நரம்பிழைகளைச் சுற்றி மின்கம்பியின் உறைபோல அமைந்திருக்கும் மயலின் என்ற கொழுப்புறையை அழித்துவிடுகின்றன. ஒருவருக்கு ஒரு கண் மங்குகிறது. ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகிறது. ஒருவருக்கு நேர்வழியில் நடக்கக் கால் மறுக்கிறது. சில வாரங்களில் அந்த நெருப்பு தானாகவே தணிந்து, மாதங்களோ வருஷங்களோ கழித்து வேறோர் இடத்தில் மீண்டும் மூளுகிறது. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயது வரையில் உள்ளவர்களை, அதிலும் ஆண்களைக் காட்டிலும் பெண்களை, இது மிகுதியாகப் பற்றுகிறது. உலகத்தில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இதனோடு வாழ்கிறார்கள்.

உள்ளே பற்றிய நெருப்பை வெளியே நிற்கிறவன் எவ்வாறு அறிகிறான்? இது வைத்திய சாஸ்திரத்துக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. கண்ணுக்குப் புலப்படாத பொருள்களை, ஆன்மாவை, வினையை, இறைவனை, உண்டென்றோ இல்லையென்றோ சொல்லப் புகுந்த நம் தேசத்துத் தரிசனங்கள் எல்லாம் முதலில் எதிர்கொண்ட கேள்வி இதுவே. அதற்கு அவை கையாண்ட உதாரணமும் நெருப்பாகவே அமைந்துவிட்டது. மலைமேல் புகை எழுகிறது, ஆகையால் அங்கே நெருப்பு உண்டு, அடுக்களையில் அப்படித்தானே கண்டிருக்கிறோம் என்ற இந்தச் சிறிய வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில், காஞ்சி மாநகரத்தில், தவக்கோலம் பூண்ட இளம்பெண் மணிமேகலைக்குப் பௌத்த தர்க்கத்தைக் கற்பிக்கும் அறவண அடிகள் இதே மலையையும் இதே அடுக்களையையும் எடுத்துக்காட்டுகிறார். அதனோடு நில்லாமல், தூரத்தில் தெரிவது புகையோ ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதபோதே நெருப்பு உண்டென்று துணிந்துவிடுவது குற்றமென்றும் எச்சரிக்கிறார். ஸ்கேன் படங்களைப் படிக்கப் பயிலும் இளம் வைத்தியர்களுக்கு அந்தக் காதையைப் பாடமாக வைக்கலாம் என்று நான் மெய்யாகவே கருதுகிறேன். காரணத்தைச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும்.

இந்நோயை ஒரு தனி வியாதியாக வகுத்துக் காட்டியவர் பாரிஸ் நகரத்துச் சால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியின் ஷார்கோ; ஆண்டு 1868. அவருக்கு முன்பே குருவேயே, கார்ஸ்வெல் என்ற இருவர், இறந்தோருடைய தண்டுவடத்தில் திட்டுத் திட்டாகக் கிடந்த சிதைவுகளைக் கண்டு சித்திரமாகத் தீட்டி வைத்திருந்தார்கள். உயிரோடிருந்தபோது நடுங்கிய கையையும் அலைபாய்ந்த கண்ணையும் குழறிய நாவையும், இறந்த பிறகு கண்ட அந்தத் திட்டுகளோடு இணைத்துப் பொருத்தியது ஷார்கோவின் பெருமை. ஆயினும் காட்சி என்பது மரணத்துக்குப் பிறகே வாய்த்தது. எரிந்து அடங்கிய வீட்டின் கரித்தடத்தை அவர் கண்டாரேயன்றி, எரிகின்ற வீட்டைக் காணவில்லை. நூறாண்டுகளுக்கு மேல் இதுவே நிலைமை.

1973-இல் அமெரிக்கரான பால் லாட்டர்பர் காந்தப் புலத்தைக் கொண்டு உருவம் எழுப்பலாம் என்று காட்டினார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அந்த வழியை விரைவுபடுத்தினார். இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1981-ஆம் ஆண்டு நவம்பரில், லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த இயன் யங் முதலியோர் இந்நோயுடைய பத்துப் பேரைப் புதிய இயந்திரத்துக்குள் கிடத்திப் படமெடுத்து, முடிவை லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். எக்ஸ்ரே கதிரால் இயங்கும் சி.டி. ஸ்கேன் அந்தப் பத்துப் பேரிடத்தும் காட்டியவை 19 திட்டுகள். காந்த இயந்திரம் அவற்றோடு இன்னும் 112 திட்டுகளைக் காட்டியது. உயிரோடு, விழிப்போடு, பேசிக்கொண்டிருக்கும் மனிதரின் மூளையில் நெருப்புப் பற்றிய இடங்களை இவ்வளவு நிறைவாக எண்ண முடிந்தது அப்போதுதான். அந்த வைத்தியர்கள் அடைந்திருக்கக்கூடிய வியப்பை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

வியப்பு ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் கண்டது எதனை? எம்.ஆர்.ஐ. என்ற இந்தக் காந்த இயந்திரம் எதைப் பார்க்கிறது என்று ஒருகணம் நிதானமாக யோசித்தால், அது நெருப்பைப் பார்ப்பதே இல்லை, நீரைப் பார்க்கிறது என்பது விளங்கும். நம் உடம்பின் ஒவ்வொரு துளி நீரிலும் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவற்றின் கருக்கள் சிறு காந்த ஊசிகளைப் போன்றவை. பூமியின் காந்தத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலிவுடைய 1.5 டெஸ்லா காந்தத்தினுள் நோயாளியைப் படுக்க வைத்தால் அவை ஒரு திசை நோக்கிச் சாய்கின்றன. வானொலி அலையால் தட்டினால் நிலை குலைகின்றன. அலை நின்றதும் பழைய நிலைக்கு மீளுகையில் மெல்லியதொரு வானொலிக் குரலை எழுப்புகின்றன. அந்தக் குரல் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் கணித சாஸ்திரத்தின் துணையால் கறுப்பும் வெளுப்புமாக மாற்றித் தருவதே நாம் ‘படம்’ என்று சொல்வது. கட்டுக்குலையாத நரம்புறையில் இறுகிக் கிடக்கும் நீரின் குரல் சீக்கிரம் அடங்குகிறது; உறை சிதைந்து தளர்ந்த இடத்தில் அது நீடிக்கிறது; நீடித்த இடம் வெண்புள்ளியாகத் தெரிகிறது. ஆகவே நாம் காண்பது நீரின் நடத்தை. நெருப்பை அதிலிருந்து ஊகிக்கிறோம். இது பிரத்யட்சம் அன்று, முழுமையான அனுமானம். கண்ணால் கண்டதையே நம்புவேன் என்று சொல்லிப் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் நவீன மனிதர் தம்மை உலகாயதர் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அனுமானத்தை அடியோடு மறுத்த பழைய உலகாயதன் அவருடைய படத்தை ஒரு நாழிகையும் ஏற்றிருக்க மாட்டான்.

அறவண அடிகள் எச்சரித்த ஆவியும் பனியும் இங்கேயும் உண்டு. வெண்புள்ளி என்பது அழற்சியால் மட்டும் உண்டாவதில்லை. முதுமையில் சிறு இரத்தக் குழாய்கள் தடிப்பதாலும் உண்டாகும்; ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருடைய மூளையிலும் காணப்படும்; எப்போதோ எரிந்து ஆறிய வடுவும் அப்படியே வெளுத்துத் தெரியும். பனியைப் புகையென்று மயங்கி, ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இந்நோயின் பெயரைச் சூட்டி, வருஷக்கணக்கில் கடுமையான மருந்துகளைக் கொடுத்துவிட்ட சம்பவங்கள் வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. மெய்யான புண், பெரும்பாலும் ஒரு சிறு நாளத்தைச் சுற்றியே எழும் என்பதால், புள்ளியின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடாக அந்த நாளம் தெரிகிறதா என்று இப்போது தேடுகிறார்கள். பனியைப் புகையிலிருந்து பிரிப்பதற்கு இது ஒரு நல்ல உபாயம்.

புகை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று வேறு உண்டு. 1885-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் பிராணிகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தியபோது, மற்ற அவயவங்கள் எல்லாம் நிறமேற, மூளை மட்டும் வெளுத்தபடியே இருக்கக் கண்டார். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் இருக்கிறதென்ற உண்மை பின்னர் தெளிவாயிற்று. கடோலினியம் என்ற அபூர்வ உலோகத்தைச் சேர்த்துச் செய்த மருந்தை இரத்த நாளத்தில் ஊசியாக ஏற்றினால், காவல் உறுதியாயுள்ள வரையில் அது மூளைக்குள் நுழையாது. வெள்ளணுக்கள் கூட்டமாகக் காவலை உடைத்து உட்புகும் இடத்தில் மாத்திரம் அவற்றின் பின்னாலேயே கசிந்து, படத்தில் பளீரென்று ஒளிரும். 1988 முதல் ஆஸ்பத்திரிகளில் வழக்கத்துக்கு வந்த இந்த முறை, ஆறிய வடு எது, இன்று எரிகின்ற புண் எது என்று பிரித்துச் சொல்லும் வல்லமையை முதன்முதல் அளித்தது. ஒளி சில வாரங்களே நிற்கும். பிறகு காவல் மூடிக்கொள்ளும், ஒளியும் அணைந்துவிடும். ஒளி அணைந்தால் நெருப்பும் அணைந்தது என்று எல்லோரும் கொண்டார்கள். புதிய மருந்து பலிக்கிறதா என்பதை அளக்கும் கோலும் அந்த ஒளியே ஆயிற்று.

மருந்துகளும் அதிசயமாகவே பலித்தன. 2017-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஓக்ரலிசுமாப், பழைய இன்டர்ஃபெரான் மருந்தோடு ஒப்பிட்ட இரண்டு சோதனைகளில், ஒளிரும் இடங்களை நூற்றுக்கு 94, 95 என்ற அளவுக்குக் குறைத்துவிட்டது. மலையில் புகை ஏறக்குறைய அடியோடு நின்றுவிட்டது. ஆனால், துயரம் என்னவென்றால், படத்தில் ஓர் ஒளியும் இல்லாத நோயாளிகளில் பலர், தாக்குதல் என்று சொல்லத்தக்க எதுவும் நேராமலே, வருஷத்துக்கு வருஷம் நடை தளர்ந்து, கைத்தடியிலிருந்து சக்கர நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புகை இல்லை, வீடோ கரிந்துகொண்டே இருந்தது.

இந்த இடத்தில்தான் நம் தர்க்க நூலாரின் சூட்சும புத்தியை நினைத்து நான் கைகூப்புகிறேன். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற வியாப்தி உண்மை. அதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு உள்ள இடத்தில் எல்லாம் புகை உண்டு என்றால் அது பொய். இதைக் காட்ட அவர்கள் சொன்ன உதாரணம், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. பின் எப்போதுதான் புகை எழுகிறது? ஈர விறகின் சேர்க்கை இருக்கும்போது மட்டும். அந்தச் சேர்க்கைக்கு உபாதி என்று பெயரிட்டு, இளம் மாணாக்கருக்கென்று அன்னம்பட்டர் இயற்றிய தர்க்க சங்கிரகத்திலேயே கற்பித்தார்கள். மூளையின் காவல் உடைவதே நமக்கு இங்கே ஈர விறகு. வெளியிலிருந்து வெள்ளணுக்கள் வரும்போது காவல் உடைகிறது, கடோலினியம் கசிகிறது, புகை தெரிகிறது. ஆனால் நாள்பட்ட புண்களில், காவல் மூடிக்கொண்ட பிறகு, மூளைக்குள்ளேயே வாசம் செய்யும் மைக்ரோக்ளியா என்ற காப்பணுக்கள் புண்ணின் விளிம்பில் வளையமாக நின்று, வருஷக்கணக்கில், சிறிது சிறிதாக வெளிநோக்கி அரித்துக்கொண்டு போகின்றன. நம் பாட்டிமார் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல்; உள்ளே கங்கு.

அந்தக் கங்கை எப்படிக் கண்டார்கள் என்பது இன்னும் விசேஷமானது. சிதைந்த உறையிலிருந்து வெளிப்படும் இரும்புச் சத்தை அந்த அணுக்கள் தமக்குள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. இரும்பு தன்னைச் சூழ்ந்த காந்தப் புலத்தைச் சிறிதளவு கோணச் செய்கிறது. அந்தக் கோணலை நுட்பமாக அளக்கும் படங்களில், முதலில் 7 டெஸ்லா என்ற பெருங்காந்தத்திலும் பின்னர் ஆஸ்பத்திரிகளில் வழங்கும் 3 டெஸ்லாவிலும், புண்ணைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரிகிறது. புகையின்றி எரியும் நெருப்புக்கு இரும்பை உதாரணம் சொன்ன தேசம் நம்முடையது. புகையின்றி எரியும் அழற்சியை இரும்பைக் கொண்டே காட்டிக்கொடுத்தது இக்காலத்து விஞ்ஞானம். இது தற்செயலான ஒற்றுமையே. முன்னோர் எல்லாவற்றையும் அன்றே அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசுவது சத்தியத்துக்கும் அவர்களுக்கும் செய்யும் அபசாரம். ஆனால் சிந்தனையின் வழி ஒன்றே: அறிகுறி இல்லாமையால் பொருள் இல்லாமையை முடிவு செய்யாதே என்று அவர்கள் விதித்தார்கள், இவர்கள் அந்த விதியை மீறி வழுக்கி விழுந்து, பிறகு எழுந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ட்டினா அப்சின்டா, டேனியல் ரைக் முதலியோர் 192 நோயாளிகளை ஆராய்ந்து, இத்தகைய வளையங்கள் நான்கோ அதற்கு மேலோ உடையவர்கள் மற்றவர்களைவிட இளவயதிலேயே உடலியக்கத்திலும் அறிவாற்றலிலும் தளர்ச்சி அடைந்திருப்பதைக் கண்டறிந்தார்கள்.

மைக்ரோக்ளியாவை நேரே காண்பதற்கு வேறொரு முயற்சியும் நடந்திருக்கிறது. அவ்வணுக்களில் ஒட்டிக்கொள்ளும் பொருளொன்றைக் கதிரியக்கமுள்ள கார்பனோடு சேர்த்து உடம்பில் செலுத்திப் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். அந்தக் கார்பனின் கதிர் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அது பிறந்த இயந்திரமும் நோயாளியும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக, படத்தில் மிகுந்த ஒளி என்றால் சினந்து எழுந்த அணுக்கள் என்று பொருள் கொண்டு வந்தார்கள். எலிகளிடத்தில் அது சரி. மனிதரிடத்திலோ அந்த ஒளி அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லுகிறதே தவிரச் சினத்தைச் சொல்லவில்லை என்று 2023-இல் வந்த ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அடுக்களையில் கண்ட வியாப்தி மலையில் செல்லவில்லை.

இனி ‘இல்லை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். என் கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

ஒரு பொருள் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? பாட்ட மீமாம்சகர் இதற்கென்று அனுபலப்தி என்ற தனிப் பிரமாணத்தையே வகுத்தார்கள். விளக்கொளி நிறைந்த தரையில் குடம் தெரியவில்லை. ஆகவே குடம் இல்லை. சரி. ஆனால் அதே அறையில் பிசாசு தெரியவில்லை. ஆகவே பிசாசு இல்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது என்றார் பௌத்தராகிய தர்மகீர்த்தி. பிசாசில் அவருக்கு நம்பிக்கை இருந்ததா என்பது வேறு விஷயம். இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதது என்று சொல்லப்படும் ஒரு பொருளைக் கண்ணுக்குத் தெரியவில்லை என்ற காரணத்தால் மறுக்க இயலாது என்பதே அவர் கருத்து. இருந்திருந்தால் தெரிந்தே தீரும் என்ற யோக்கியதை உடைய பொருளைப் பற்றி மட்டுமே, தெரியவில்லை, ஆகவே இல்லை, என்று துணியலாம். யோக்கியானுபலப்தி என்று இதைச் சொல்லுவார்கள்.

இந்தச் சிறிய ‘யோக்கிய’ என்ற அடைமொழியை மறந்ததால் எத்தனை நோயாளிகள் கண்ணீரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்! இந்நோயுடையோரில் ஐந்தில் நால்வர் வரையில் சொல்லும் முதன்மையான துயரம் அயர்ச்சி. காலையில் எழுந்து பல் துலக்கி முடிப்பதற்குள், மலையேறி இறங்கியதுபோல் உடம்பு சோர்ந்து போகும் அயர்ச்சி. உறங்கினாலும் தீராத அயர்ச்சி. அதற்கு ஒரு வெண்புள்ளி கிடையாது. மூளையின் மேற்புறணியில் உண்டாகும் புண்களிற் பெரும்பகுதி சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிவதே இல்லை என்பது, இறந்தோருடைய மூளையைப் பரிசோதித்து ஒப்பிட்டவர்கள் நன்கு நிறுவிய உண்மை. இருந்தும் காட்டமாட்டாத கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘படத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வது தர்க்கப் பிழை. துன்புறுகிறவரின் முகத்துக்கு நேரே சொல்லும்போது அது தர்மப் பிழையும் ஆகிறது. படமும் துயரமும் ஒன்றோடொன்று பொருந்தாத இந்நிலைக்கு ஆராய்ச்சியாளர்களே முரண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஃபிரெடெரிக் பார்க்காஃப் 2002-இல் அதைப்பற்றி எழுதிய கட்டுரை இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பிறர் பத்தாக விரித்த அளவைகளை, அதாவது பிரமாணங்களை, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். காண்டலை மீண்டும் நான்காக வகுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தன்வேதனைக் காட்சி என்று பெயர் கொடுத்தார். தனக்குள் எழும் இன்ப துன்பங்களை ஆன்மா தானே நேராக அறிவது அது. புலன்வழிக் காட்சிக்கு நிகராக அதையும் காட்சியென்றே அவர் கொண்டார், அனுமானத்தில் சேர்க்கவில்லை. இந்த வகுப்பை ஆஸ்பத்திரி அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். படம் என்ற அனுமானத்தை வைத்திருப்பவர் வைத்தியர். காட்சியை உடையவர் கட்டிலில் கிடப்பவர். அவர் தம் காட்சியை வாய் திறந்து சொல்லும்போது அது நமக்கு உரை என்ற மூன்றாம் அளவை ஆகிறது. நாம் இன்று வழக்கமாக வைத்திருக்கும் மரியாதைக் கிரமம் இதற்கு நேர் தலைகீழானது.

உரையின் வலிமைக்கு ஒரு சான்று சொல்லுகிறேன். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருடைய பேரர் அகஸ்டஸ் டி எஸ்டே, 1794-இல் பிறந்தவர். தந்தையைப்போல் தாம் நேசித்த உறவினர் ஒருவரைக் காண 1822 டிசம்பரில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது அந்த உறவினர் இறந்துவிட்டிருந்தார். அடக்கம் முடிந்த சில நாட்களில் தம் கண்கள் மங்கி, வந்த கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்ல நேர்ந்ததையும், பின் மருந்தேதும் இல்லாமலே பார்வை மீண்டதையும், அடுத்த இருபத்து நான்கு வருஷங்களில் ஒவ்வொன்றாகத் தம்மை விட்டுப்போன சக்திகளையும் அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1848-இல் காலமானார், ஷார்கோ நோய்க்கு இலக்கணம் வகுப்பதற்கு இருபது வருஷம் முன்னால். சரியாக நூறாண்டு கழித்து, 1948-இல், டக்ளஸ் ஃபர்த் அந்தக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். படிக்கிற நரம்பு வைத்தியர் எவருக்கும் நோய் இன்னதென்பதில் ஐயம் எழுவதில்லை. படமில்லை, பரிசோதனையில்லை, பார்ப்பதற்கு உடம்பும் இல்லை. தன் துயரத்தை உள்ளபடி உரைத்த ஒரு மனிதனின் சொல் மட்டும் போதுமாயிருந்தது.

தன்வேதனைக் காட்சியும் முழுமையானது அன்று என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நோயாளி உணரும் ஒவ்வொரு தாக்குதலுக்கும், அவர் உணராமலே ஐந்து முதல் பத்துப் புதிய புண்கள் மூளையில் எழுந்து மறைகின்றன. தலையில் அடிபட்டதென்றோ தலைவலியென்றோ படமெடுக்கப் போனவருக்கு, ஒரு குறைவும் தோன்றாத நிலையிலேயே இந்நோயின் புண்கள் தெரிந்துவிடுவதும் உண்டு. அத்தகையோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பத்து வருஷத்துக்குள் முதல் தாக்குதல் வருகிறது. அவரிடம் சொல்லலாமா? 1915-இல் லண்டன் இயற்கைச் சரித்திரப் பொருட்காட்சிசாலையில் பணி செய்த புரூஸ் கம்மிங்ஸ் என்ற இளைஞர், பட்டாளத்து வைத்தியரிடம் கொடுக்கும்படி தம் வைத்தியர் முத்திரையிட்டுத் தந்த கடிதத்தை வழியிலே பிரித்துப் படித்துத் தம் நோயை அறிந்தார்; அதற்கு முன்பே அவர் மனைவிக்கு அது தெரிந்திருந்தது. அந்தத் துயரக் கதையைப் பார்பெலியன் என்ற புனைபெயரில் 1919-இல் நூலாக்கிய அதே வருஷம், முப்பது வயதில், காலமானார். கருணையால் மறைத்தவர்களை நான் பழிக்க மாட்டேன். அக்காலத்தில் சொல்லி ஆவதொன்றும் இல்லை. இன்று அப்படியன்று. தாக்குதல் வருமுன்னரே மருந்து கொடுத்தால் அது வரும் ஆபத்து வெகுவாகக் குறைகிறதென்று அண்மைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே சொல்லத்தான் வேண்டும். ஆனால் நிச்சயமென்று சொல்லக் கூடாது, அனுமானம் என்றே சொல்ல வேண்டும்.

பக்தியுடையோரிடமும் ஒரு வார்த்தை. இத்தகைய நோய் வந்தவரைப் பார்த்து, பூர்வ ஜன்ம வினை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். வினைக் கொள்கையை நான் மறுக்கிறவன் அல்லன். ஆனால் அது ஒருவன் தன் துன்பத்தைத் தான் பொறுத்துக்கொள்வதற்குப் பற்றும் கோல். பிறனுடைய துன்பத்தின்மேல் ஓங்கும் கோல் அன்று. பிறனுடைய வினையைக் காட்டும் அளவை மூன்றில் ஒன்றும் நம்மிடம் இல்லை. பிறன் துன்பப்படுகிறான் என்பதைக் காட்டும் அளவையோ அவன் வாயிலேயே இருக்கிறது.

வைத்தியர்களே, உங்கள் கருவிகள் மேன்மேலும் கூர்மை பெறட்டும். நீறு பூத்த கங்கையும் ஒருநாள் அவை அணைக்கத் துணை செய்யட்டும். அதுவரையில், வெறுமையான ஒரு படத்தை விளக்குப் பலகையில் மாட்டி நோக்கும்போது, ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லாமல், ‘இந்தப் படத்தில் தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். அறிக்கையின் அடியில், படத்தில் கண்டதற்குப் பக்கத்தில், வந்தவர் சொன்னதையும் ஒரு வரி எழுதுங்கள்.